நிட்சேப நதியில் கிடைத்த சாமி

என்னைப் பார்த்தால் யூனியன் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருக்கும். அது மற்ற நாட்களில்தான். ஞாயிற்றுக்கிழமை நான் சரித்திர ஆராய்ச்சியாளன்.

தப்பு என்னுடையது அல்ல. கரிவலம்வந்தநல்லூர் பக்கம் ஓடுகிற ஆற்றுக்கு நிட்சேப நதி என்று பெயர் வைத்தவர்களுடையது. நிட்சேபம் என்றால் புதையல். இப்படி ஓர் ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் வீட்டில் உட்கார்ந்து உள்ளி உரித்துக் கொடுப்பானா? காலை பஸ்ஸிலேயே போய்விடுவேன். ஆற்றங்கரை, உழுது போட்ட காடு, ஓடைச் சரிவு, நான் குனிந்து பார்க்காத இடமில்லை. பழைய பானை ஓடு, அம்பு முனை, செல்லாத காசு எல்லாம் என் பையில் சேரும். அம்பு முனையைப் பார்த்த பக்கத்து வீட்டு வெள்ளத்துரை மட்டும், "வே, இது ரோடு போட அடிச்ச ஜல்லியில்லா?" என்றான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. சரித்திரம் சொல்லும்.

என் சரித்திரத்துக்கு ஒரே எதிரி என் மனைவி பூமாரி. நான் கொண்டு வருவேன். அவள் தூக்கிப் போடுவாள். கறுப்பும் சிவப்புமாக ஓர் அருமையான ஓடு கொண்டுவந்தேன். மறுநாள் தேடினால் காணோம். நொறுக்கிப் பொடியாக்கிப் பித்தளைக் குடம் விளக்கிவிட்டாள். குடம் பளபளத்தது. சங்ககாலம் சாக்கடையில் போனது.

அவளுக்குச் சரித்திரத்தைவிட அம்மிமேல்தான் ஆசை.

"ஏங்க, ஒரு அம்மி வாங்கிப் போடுங்கன்னு எம்புட்டு நாளா சொல்லுதேன்? தெனமும் பேச்சி வீட்டுல போயி அரைச்சுக்கிட்டு வாரேன். அவ மூஞ்சியச் சுளிக்கா."

பேச்சி என்பது வெள்ளத்துரையின் மனைவி.

"வாங்குவோம் பூமாரி. மனுசன் மூவாயிரம் வருசமா அரைச்சுக்கிட்டுத்தான் இருக்கான். ஒரு மாசத்துல என்ன முழுகிப்போச்சு?"

"அரைச்சது மனுசனா, மனுசியா?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் புத்தகத்தில் விடை இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இந்த நிலைமையில்தான் திருநெல்வேலியிலிருந்து யாகூப் என்ற சரித்திரப் பேராசிரியர் வருவதாகச் சொல்லியிருந்தார். அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறதாம். உருப்படியாக ஏதாவது என்னிடம் இருந்தால் அதில் வைத்து, கீழே ஒரு அட்டையில் நீல மையில் பெயரும் எழுதுவாராம். 'கண்டெடுத்தவர்: பிச்சையா, சங்கரன்கோவில்.' ஆபீஸில் என்னைக் 'கல்லுப் பிச்சை' என்று கூப்பிடுகிற அத்தனை பேரையும் அந்த அட்டைக்கு முன்னால் வரிசையாக நிறுத்த வேண்டும். வாழ்க்கையில் வேறு ஆசை எனக்கு இல்லை.

அவர் வருவதற்குச் சில வாரம் முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது கிடைத்தது. ஆற்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. கறுப்புக் கல். உருண்டை. ஒரு முனை மழுமழுவென்று இருந்தது, மறுமுனை உடைந்திருந்தது. மனிதக் கை பட்டுப் பட்டு வந்த வழவழப்பு. எவனோ ஓர் ஆதிமனிதன் இதைப் பிடித்துப் புலியை அடித்திருக்கிறான். நானும் பிடித்து ஒரு வீசு வீசிப் பார்த்தேன். கைக்குள் கச்சிதமாக அடங்கியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பேராசிரியர் வரும்வரை இதைப் பூமாரியிடமிருந்து காப்பாற்றிவிட்டால் போதும், அட்டை என்னுடையது.

பஸ்ஸில் வரும்போதே திட்டம் உதித்துவிட்டது. கல்லாக இருந்தால்தானே தூக்கிப் போடுவாள்? சாமியாக இருந்தால்?

கோயில் வாசல் கடையில் மஞ்சள், குங்குமம், பூ வாங்கினேன். கோயிலில் கொடுத்த புற்றுமண்ணையும் குழைத்து ஒரு பூச்சு. முடித்துப் பார்த்தபோது எனக்கே கும்பிடத் தோன்றியது.

"பூமாரி, நேத்து கோமதி அம்மன் கனவுல வந்தா. 'ஆத்துல கெடக்கேன் பிச்சையா, வந்து கூட்டிட்டுப் போ'ன்னா. போயிப் பாத்தா, சொன்ன எடத்துல அப்படியே கெடக்கா!"

பூமாரி கல்லைக் கையில் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். உடைந்த முனையைப் பெருவிரலால் தடவினாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு பக்தி உள்ளவளை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு ஒரு கணம் வருத்தமாகக்கூட இருந்தது.

"தாயே!" என்று தழுதழுத்தவள், அடுத்த நிமிஷம் ஒரு குலவை போட்டாள். தெருவே கூடிவிட்டது. பேச்சி வந்தாள். பூமாரி அவள் காதில் ஏதோ சொன்னாள். பேச்சியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் கும்பிட்டாள். வந்த பெண்கள் எல்லோருமே அப்படித்தான் கும்பிட்டார்கள். எங்கள் தெருவில் இத்தனை பக்தி இருப்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பூமாரி என்னை எழுப்பினாள்.

"ஏங்க, அம்மன் என் கனவுலயும் வந்தா."

"உன் கனவுலயா?"

"ஏன், உங்க கனவுக்கு வந்தவளுக்கு என் கனவுக்கு வழி தெரியாதா?"

அவள் கனவு பொய்யென்றால் என் கனவு என்ன ஆவது?

"என்ன சொன்னா?"

"கூட்டியாந்தவன்தான் எனக்குத் தண்ணி எடுக்கணும்னா. தெருக் கொழாயில. விடியுமுன்ன."

எடுத்தேன். குழாயடியில் பெண்கள் எனக்கு வழிவிட்டு நின்றார்கள். முந்தானை எல்லாம் வாயில்தான் இருந்தது.

அன்றிலிருந்து அம்மன் தவறாமல் பூமாரியின் கனவுக்கு வந்தாள். என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவள் சும்மாவும் வரவில்லை, உத்தரவோடு வந்தாள். வீட்டில் கறி ஆகாது. பூசாரி, அதாவது நான், சுருட்டுப் பிடிக்கக் கூடாது. சாமி இருக்கிற இடத்தைப் பூசாரிதான் பெருக்கி மெழுக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசாரி வாசல்படி தாண்டக் கூடாது. நான் ஆபீஸ் போவதற்கு அம்மன் தடை சொல்லாததுதான் ஆச்சரியம்.

அடுத்த உத்தரவு என் ஈரக்குலையையே பிடுங்கியது.

"அந்தப் பானை ஓட்டையெல்லாம் கெடங்குல கொட்டணுமாம்."

"ஏட்டி, அது மூவாயிரம் வருசத்து ஓடு!"

"பொணம் வச்சுப் பொதைச்ச பானையில்லா? 'அது இருக்க வீட்டுல நான் எப்படி இருப்பேன்'னு கேக்கா. நான் என்ன சொல்லட்டும்? நீங்க வேணா அவளக் கனவுல பாத்தா சொல்லிப் பாருங்க."

கொட்டினேன். புறவாசல் குப்பைக் கிடங்கில், தெருவே பார்க்க, என் கையாலேயே. அழுதுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு தெம்பு. ஓடு போனால் போகட்டும், புலியை அடித்த கல் இருக்கிறது.

பேராசிரியர் வருவதற்கு முந்தின வாரம் கடைசி உத்தரவு வந்தது.

"சாமி தரையில இருக்கக் கூடாதாம். கருங்கல்லுல பீடம் வேணுமாம்."

"எப்படிப்பட்ட பீடம்?"

"நீளவாக்குல. ரெண்டு சாண் நீளம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட அகலம். மேல நல்லா கொத்தியிருக்கணும், வழுக்கக் கூடாது. ஒரு ஓரமா லேசா சரிஞ்சிருந்தா நல்லதுன்னா."

அம்மனுக்கு இவ்வளவு கணக்கா என்று வியந்துகொண்டே கல் கொத்துகிற ஆறுமுகச்சாமியிடம் போய் அப்படியே ஒப்பித்தேன்.

"அண்ணாச்சி, இதுக்குப் பேரு அம்மில்லா?"

"ஏலே, பாக்கத்தான் அப்படி. இது பீடம்."

"சரி, பீடம். குழவியையும் எடுத்துக்கிடுங்க."

"பீடத்துக்குக் குழவி எதுக்குலே?"

"தனியா குடுக்க மாட்டோம் அண்ணாச்சி. அம்மியும் குழவியும் புருசன் பொஞ்சாதி மாதிரி. பிரிச்சு அனுப்புனா வாங்குத வீட்டுக்கு ஆகாது."

அவன் நம்பிக்கையைக் கெடுப்பானேன்? இரண்டையும் சுமந்துகொண்டு வந்தேன். வீட்டில் இறக்கி வைத்தபோது புதுக் குழவியும் என் சாமியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எங்கேயோ பார்த்த சாயல். சட்டென்று பொறி தட்டியது. அடடா, ஆதிமனிதனுக்கே குழவி செய்யத் தெரிந்திருக்கிறது! பேராசிரியரிடம் சொல்ல இன்னொரு கண்டுபிடிப்பு.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் யாகூப் வந்தார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவரைச் சாமியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அம்மிக்குழவில்லா? ஒடஞ்ச குழவிக்கு எதுக்கு மால போட்டிருக்கீங்க?"

"பழைய குழவி சார். ஆதிகாலத்து..."

"போன ஆடித்தபசுக்கு முன்ன ஒடஞ்சது சார்," என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல். பூமாரி வெளியே வரவில்லை. எப்போதோ அடுப்படிக்குப் போயிருந்த பீடத்தின் முன் உட்கார்ந்து தேங்காய்த் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். "ஒடஞ்ச குழவி வீட்டுல இருக்கக் கூடாதுல்லா? எங்கம்மா ஊருக்குப் போகையில நாந்தான் ஆத்துல போட்டேன். பழைய அம்மி புறவாசல்ல துணி துவைக்கக் கெடக்கு. இவரு அடுப்படிப் பக்கம் வந்திருந்தா மொகத்தடையாளம் தெரிஞ்சிருக்கும்."

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன், அங்கே இரண்டு ஓடாவது கிடைத்திருக்கும்.

பேராசிரியர் என்மேல் இரக்கப்பட்டார். "வேற ஒண்ணும் இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பூமாரி கையைக் கழுவிவிட்டு ஓர் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே என் ஓடுகள்! ஒவ்வொன்றையும் கழுவிக் காயவைத்து, பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். கீறல் போட்ட ஒரு துண்டை எடுத்துப் பார்த்த பேராசிரியருக்கு முகமெல்லாம் பல். "இது ஒண்ணே போதும்மா!" என்றவர், பையிலிருந்து அட்டையை எடுத்தார். பேனாவைத் திறந்தார். நான் கழுத்தை நீட்டி அட்டையைப் பார்த்தேன்.

"கண்டெடுத்தவர் பேரு?"

"இவரு கெடங்குல கொட்டுனாரு சார்," என்றாள் பூமாரி. "நாந்தான் கண்டெடுத்தேன்."

இல்லையென்று எப்படிச் சொல்வேன்? கொட்டியதற்குத் தெருவே சாட்சி. இப்போது நீங்கள் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் பார்க்கலாம். 'கண்டெடுத்தவர்: பூமாரி, சங்கரன்கோவில்.' நான் நினைத்த அதே நீல மை.

அவர் போன பிறகு துவையலும் சோறும் வைத்தாள். துவையல் நன்றாகத்தான் இருந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கனவுமேல் கனவு கண்டால் அது வீட்டுக்கே வந்துவிடும் போலிருக்கிறது.

"ஏட்டி, அது குழவின்னு அன்னைக்கே தெரியுமில்லா? ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அம்மி வந்திருக்குமா?"

ஒரு கவளம் சாப்பிட்டேன். மூலையில் சாமி மாலையோடு உட்கார்ந்திருந்தது.

"சரி, இப்ப இத என்ன செய்ய?"

"எடுத்த எடத்துலயே கொண்டுபோயிப் போட்டுட்டு வாங்க," என்றாள் பூமாரி. "அம்மி இல்லாம இன்னும் எவளாவது இருப்பா."