வெடிக்காமல் இருக்க ஒரு வேண்டுதல்

பயந்து போனவன் முகத்துக்கும் பக்தி முற்றியவன் முகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருவருக்கும் கண் நிலைகுத்தி நிற்கும், உதடு முணுமுணுக்கும், வேர்த்து ஊற்றும். ஒரு பௌர்ணமி சாயங்காலம், கிரிவலப் பாதையில், தலையில் சுமையோடு நின்று இதைக் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பழைய பேட்டரிப் பைத்தியம் பிடித்திருந்தது. மின்சார ஸ்கூட்டர் கடையில் மெக்கானிக்காக இருந்தவன், செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வேலையை விட்டேன். "எல்லாரும் வண்டி விக்கறாங்க. அந்த வண்டிங்க செத்தா பேட்டரிய யாரு எடுக்கப் போறா? லித்தியம், நிக்கல், கோபால்ட்டு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. தயாரிச்ச கம்பெனியே பழச திரும்ப எடுத்துக்கணும்னு சட்டமே வந்துடுச்சு" என்று மனைவி மலரிடம் முழங்கிக்கொண்டே இருப்பேன். (அவள் தூங்கிய பிறகும் நிறுத்த மாட்டேன்.) செத்த பேட்டரிகளைச் சேர்த்து, அரைத்து உலோகம் பிரிக்கிற ஆலைக்கு அனுப்ப வேண்டியது, கொஞ்சம் உயிர் மிச்சம் இருப்பதை வீட்டு இன்வெர்ட்டருக்கு மாற்றி விற்க வேண்டியது. அவ்வளவுதான் என் திட்டம்.

சேர்த்து வைக்க இடம் வேண்டுமே. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே என் மாமியார் சாந்தாவின் வீடு. பின்னால் மாட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. மாப்பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்று திறந்துவிட்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் அங்கே டீக்கடை போடுவார். அவருடைய கேஸ் சிலிண்டருக்கும் என் பேட்டரிகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு கீற்றுத் தட்டி. அது போதும் என்று நினைத்த மேதை நான்.

அன்று கூட்டம் நெரிய ஆரம்பித்த நேரம். வடை போட்டுக்கொண்டிருந்த மாமியார் மூக்கைச் சுளித்தார்.

"மாப்ள, கொட்டாயிலேர்ந்து என்னாமோ நெயில் பாலிஷ் வாசன வருதே?"

போய்ப் பார்த்தேன். ஒரு ஸ்கூட்டர் பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. காதை வைத்தால் உள்ளே மெல்லிய வெடிப்புச் சத்தம். ஆலை இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"தொட்டா சுடுதா?" என்றார்.

"இன்னும் இல்ல சார்."

"அப்ப உடனே காஞ்ச மணல்ல புதைச்சு, ஆளே இல்லாத இடத்துக்குக் கொண்டு போங்க. நெருப்பு கிட்ட வரக் கூடாது. அது பத்திக்கிச்சுன்னா பொகையே விஷம்."

பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் ஆளே இல்லாத இடம். (அவர் சென்னைக்காரர், பாவம்.) எனக்குத் தெரிந்து வறண்டு கிடந்த ஏரி ஒன்றுதான் இருந்தது.

மாமியார் அடுப்பை அணைத்தார். மலர் வாசலில் நின்றவர்களை விரட்டினாள். சித்தாள் தூக்குகிற இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி, பேட்டரியை நடுவில் புதைத்தோம். சட்டையைச் சுருட்டிச் சும்மாடாக்கி, வெறும் உடம்போடு சட்டியைத் தலையில் ஏற்றினேன். ஊர் கண்ணில் படக் கூடாதென்று மாமியார் கையில் கிடைத்த துணியால் மூடினார். அது மஞ்சள் துணி. அங்கேதான் எல்லாம் கெட்டது.

ஏரிப் பக்கம் திரும்பியதும் ஒரு போலீஸ்காரர் கும்பிட்டபடி மறித்தார்.

"எதிர்ல வரக் கூடாது சாமி. வலமா போங்க."

"சார், ஏரி இந்தப் பக்கம்தான் சார்."

"சுத்தி வந்துடுங்க சாமி."

சுற்றி வருவதென்றால் மலையையே சுற்ற வேண்டும். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் கூட்டம் மிரண்டு மிதிபட்டே சாகும். ஊர் எல்லை தாண்டி ஏரிக்கு இறங்க இன்னொரு வழி இருந்ததால், கூட்டத்தோடு நடந்தேன். மாமியார் பின்னாலேயே ஓடி வந்தார்.

ஒரு அம்மா சட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். பிஞ்சுக் கை என் நெற்றிக்கு மேல் அந்தச் சட்டியைத் தடவியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தீச்சட்டிங்களா சாமி? என்னா வேண்டுதல்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"வெடிக்காம இருக்கணும்" என்றேன்.

"எதுவும் வெடிக்காது. அண்ணாமலையார் பாத்துப்பாரு" என்று சொல்லி, கற்பூரத் தட்டைச் சட்டிக்கு நேராக நீட்டினார்.

ஓடினேன். கூட்டத்தை விட்டு விலகத்தான் ஓடினேன். கூட்டமோ அருள் வந்துவிட்டது என்று "அரோகரா" போட்டுக்கொண்டு கூடவே ஓடி வந்தது. நான் வேகம் கூட்ட, அவர்களும் கூட்டினார்கள். உச்சந்தலையில் இளஞ்சூடு தெரிந்தது. என்னால் இத்தனை பேர் சாகப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்க முடியவில்லை.

ஏரியில் இறங்கிச் சட்டியை வைத்தேன். கூட்டம் வளைத்து நின்று கைகூப்பியது. "போங்க, பேட்டரி, வெடிக்கும்" என்று கத்தினேன். "சாமி என்னாமோ குறி சொல்லுது" என்று இன்னும் நெருங்கி வந்தார்கள்.

அப்போதுதான் என் மாமியார் கொண்டையை அவிழ்த்து விரித்தார். நாக்கைத் துருத்தினார்.

"எவனும் இங்க நிக்காதே. பொட்டைப் புள்ளைங்கள இட்டுக்கினு திரும்பிப் பாக்காம போ. பாத்தா கண்ணு அவிஞ்சிடும், போ."

ஒருவர்கூட நிற்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாமியாரும் ஓடினார். நாங்கள் கரையேறும்போது பின்னால் சட்டி சீறியது. வெள்ளைப் புகை எழும்பியது, பிறகு மணலைப் பீய்ச்சிக்கொண்டு நெருப்பு வந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பாதையிலிருந்து ஆயிரம் தொண்டைகள் "அரோகரா" என்றன.

மாமியார் கரையில் உட்கார்ந்துவிட்டார். அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்தார்.

"அத்தை, உங்களுக்குச் சாமி வருமா?"

"எனக்கென்னா தெரியும். பயத்துல வாயில வந்தத சொன்னேன்."

இப்போதும் அதே தொழில்தான் செய்கிறேன். ஊருக்கு வெளியே, தனிக் கட்டடத்தில், மணல் டிரம்களோடு. புதிதாக ஏதாவது திட்டம் என்று ஆரம்பித்தால் போதும், மலர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "மஞ்சத் துணி எடுத்தாரவா?" என்பாள். மச்சான்கள் என்னைக் கூப்பிடுவதே 'பேட்டரி சாமி' என்றுதான்.

ஏரியில் கருகிய இடத்தில் அடுத்த பௌர்ணமிக்கே யாரோ எலுமிச்சம்பழம் குத்திச் சூலம் நட்டுவிட்டார்கள். கேட்டது கிடைக்கிறதாம், தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நம்பவைத்த பாவத்துக்கு மாமியார் அங்கே விளக்குப் போடுகிறார். நானும் போய்க் கும்பிடுகிறேன், ரொம்பத் தள்ளி நின்று.