நூறு நாள் கோழிப் பந்தயம்

நூறு நாளைக்குப் பொரிச்ச கோழியைத் தொடமாட்டேன்னு சபதம் போட்டேன். காலேஜ், கித்தார், நீச்சல்னு ஆரம்பிச்ச எல்லாத்தையும் பாதியில விட்டவன் நான். இதையாவது முடிக்கணும்னு ஒரு வெறி. என் பொண்டாட்டி மிசுசு அதைப் பந்தயமாவே ஆக்கிட்டா.

"யாரு முதல்ல சாப்பிடுறாங்களோ அவங்க தோத்தாங்க. நான் தோத்தா வருஷப் பிறப்புக்கு உங்கம்மா வீடு. நீங்க தோத்தா எங்கம்மா வீடு."

மாமியார் வீட்டு வருஷப் பிறப்புன்னா முப்பது கிலோ வெந்த அரிசியை மரச்சுத்தியலால இடிச்சு மோச்சிங்கற பலகாரம் பண்ணணும். இடிக்கிறது நான் ஒருத்தன். இடி சரியில்லைன்னு சொல்ல பதினோரு பேரு. போன வருஷம் இடிச்சதுல இன்னும் எனக்குத் தோள்பட்டை கீழ இறங்கல.

தொண்ணூத்தெட்டாவது நாள். நகாட்சு பக்கம் வெந்நீர் ஊத்து விடுதிக்கு வந்தோம். தெருவுக்கு நாலு கோழிக்கடை இருக்கற ஊரு. ஊரைத் தேர்ந்தெடுத்தது மிசுசு. அது அப்போ எனக்கு உறைக்கல.

"நான் குளிக்கப் போறேங்க. ரெண்டு மணி நேரம் ஆகும். நீங்க?"

"சும்மா கோயில் வரைக்கும்."

"எனக்கும் சேத்துக் கும்பிடுங்க."

கும்பிட்டேன். பஸ்ல வரும்போது பாத்த கோழிக்கடை வாசல்ல நின்னு. உள்ள தலையில துண்டு கட்டுன ஒரு அக்கா.

"வாங்க தம்பி! வெளியூரா? உக்காருங்க, டீ குடிங்க!"

பெத்த தாய்கூட என்னை இப்படி வரவேத்ததில்ல.

"தொடைக்கறி இருநூறு கிராம்க்கா."

"இனிமேதான் பொரிக்கணும். பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"ஷிமோஜோ."

"அட, ஷிமோஜோவா! போன்ல சொன்னது ரெடியா இருக்கே! எலும்பில்லாத தொடை அரைக்கிலோ, பூண்டு தூக்கலா!"

சுடச்சுடப் பொட்டலம் கைக்கு வந்துச்சு. நான் போனே பண்ணலையே!

"யாருக்கா பேசுனா?"

"ஒரு பொண்ணு. ரொம்பத் தன்மையா பேசுச்சு."

தலையில இடி. எங்க பேரு அபூர்வமான பேரு. மிசுசு! குளிக்கிறேன்னு சொல்லிட்டுக் கோழிக்கு ஆர்டரா? ஒண்டியா அரைக்கிலோவா? மூணு வருஷமா இந்த ராட்சசிகூடவா குடும்பம் நடத்துறேன்?

அதிர்ச்சி இறங்க இறங்க ஆனந்தம் ஏறுச்சு. அவ தோத்துட்டா! சுத்தியலே, போய் வா! பொட்டலத்தைப் பிரிச்சேன். ஒண்ணு. மொறுமொறுன்னு உடைஞ்சுது. ரெண்டு. கண்ணுல தண்ணி. ஏழு. அக்கா ரெண்டு துண்டு கொசுறு வச்சாங்க.

"நல்லா சாப்பிடுங்க தம்பி, பாவம்."

ஏன் பாவம்னாங்க? யோசிக்க வாய் காலியா இல்ல.

கதவு திறந்துச்சு. மிசுசு. குளியல் அங்கி, ஈரத்தலை.

"மாட்டுனியா!"ன்னு கத்துனேன். "உன் போன்! உன் ஆர்டர்!"

"ஆமா, நான்தான் பண்ணேன்."

"ஒத்துக்கிட்டா! அக்கா, நீங்கதான் சாட்சி!"

"ஏங்க, பந்தயம் ஆர்டர் பண்றதுக்கா, சாப்பிடறதுக்கா?"

மென்னுக்கிட்டிருந்த வாய் அப்படியே நின்னுச்சு.

"பஸ்ல இந்தக் கடையைத் திரும்பித் திரும்பிப் பாத்தீங்க. நீங்க வந்ததும் சூடா இருக்கட்டுமேன்னு சொல்லி வச்சேன். அக்கா, எத்தனை?"

"ஒம்பது கண்ணு. நீ சொன்னபடியே எண்ணிட்டேன்."

"அப்பாடா, பந்தயம் முடிஞ்சுது!" மிசுசு எதிர்ல உக்காந்து பத்தாவது துண்டைக் கடிச்சா. "கவலைப்படாதீங்க. பழைய சுத்தியல் கனமா இருக்குன்னு சொன்னீங்கல்ல? அம்மா போன வாரமே உங்களுக்குப் புதுசு வாங்கிட்டாங்க."