கிணற்றடிப் பேரீச்சை

ஒரு மரத்தைக் காட்டி "இது என்ன மரம்?" என்று யாராவது கேட்டால், "தெரியாது" என்று சொல்லும் தைரியம் இருபத்தொரு வயதில் எனக்கு இருக்கவில்லை. சேலத்தில் இரண்டு வருஷம் தாவர சாஸ்திரம் படித்தவன். படித்ததில் பாதி மறந்துவிட்டது. எந்தப் பாதி என்பதும் மறந்துவிட்டது.

அந்த நிலையில்தான் பெண் கேட்கச் சேந்தமங்கலம் போனேன். பாவாயி என் தாய்மாமன் மகள், உரிமைப் பெண். ஆனால் மாமாவுக்கு ஒரு சந்தேகம். "படிச்ச பையன் தோட்டத்தை வெச்சுக் காப்பாத்துவானா?" என்று என் அம்மாவிடமே கேட்டுவிட்டார். ஒரே மகள் வேறு. சரி, இரண்டு நாள் தங்கி எனக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை நிரூபித்துவிட்டே பெண் கேட்பது என்று கிளம்பினேன். (தலையில் வாசனை எண்ணெய், கையில் குடை, கக்கத்தில் தாவர சாஸ்திரப் புத்தகம். மண் சிரித்திருக்கும்.)

மாமா கிணற்றடியில் ஆட்களோடு நின்றிருந்தார். கவலை பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற மாடுகள் போய்வரும் தடத்தை அகலப்படுத்த வேண்டும். ஓரத்தில் ஓர் ஈச்சமரம் குறுக்கே நின்றது. பழனி என்ற பண்ணையாள் கோடாலியை ஓங்கிவிட்டார். அப்போதுதான் மரத்தடியில் இளங்கன்றுகள் நெருக்கமாக நிற்பதைப் பார்த்தேன்.

"நிறுத்துங்க! இது ஈச்சையில்லை, பேரீச்சை!"

"என்ன மாப்ள சொல்றே? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து இது ஈச்சைதான்" என்றார் மாமா.

"பாத்தா ரெண்டும் ஒண்ணாட்டந்தான் இருக்குமுங்க மாமா. ஈச்சை ஒத்தையாத்தான் நிக்கும். பேரீச்சைதான் அடியில பக்கக்கன்னு உடும். பொஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்க."

"பழம் வெறும் கொட்டையும் தோலுமா இருக்குதுங்களே, சாமி?" என்றார் பழனி.

அதற்கும் பதில் வைத்திருந்தேன். "பக்கத்துல ஆண் மரமில்லை. மகரந்தம் சேராததுனால பழம் தேறலை. ஒரு ஆண் மரத்தை நட்டுட்டா ஒவ்வொரு பழமும் கட்டைவிரல் தண்டி வரும்!"

பழனி கோடாலியைக் கீழே போட்டுவிட்டார். தடம் வெட்ட வந்தவர்கள் வேப்பமர நிழலில் சாய்ந்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் திரண்டார்கள். மாமா ஆளுக்கொரு கன்று தருவதாக வாக்களித்துக்கொண்டே போனார். "எங்கூட்டு மாப்ள கண்டுபுடிச்சதுங்க!" என்று வேறு. அந்த 'எங்கூட்டு'வைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அரபு நாட்டைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். (ஒட்டகத்தின் குணநலன்கள் உட்பட. நான் ஒட்டகத்தைப் பார்த்ததேயில்லை.)

எல்லோருக்கும் மோர் கொண்டுவந்த பாவாயி, கன்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கப்பா, பக்கக்கன்னுன்னா வாழைக்கன்னாட்டம் தாய் மரத்தோட ஒட்டியிருக்குமுங்களா?"

"ஆமா!" என்று நான் முந்திக்கொண்டேன். "கடப்பாரை போட்டு வெட்டித்தான் பிரிக்கணும்."

"அப்படீங்களா" என்றவள் குனிந்து, ஒரு கன்றை இரண்டு விரலால் இழுத்தாள். ஈரமண்ணிலிருந்து கீரை மாதிரி வந்துவிட்டது. அதன் அடியில் ஓர் ஈச்சங்கொட்டை, காதில் தோடு மாதிரி தொங்கியது.

"பழம் உழுந்து மொளைச்சிருக்குதுங்க. ஏனுங் மச்சான், மகரந்தஞ் சேராத பழத்துக் கொட்டை மொளைக்குமுங்களா?"

மெல்ல நழுவிவிடலாம் என்று ஓர் அடி பின்னால் வைத்தேன். ஈச்ச மட்டையின் முள் முதுகில் ஏறியது. நான் போட்ட சத்தத்தில் கட்டியிருந்த மாடுகள் அறுத்துக்கொண்டு ஓட, கன்று வாங்க வந்தவர்கள் மாடு பிடிக்க ஓடினார்கள்.

"பேரீச்சைக்கும் இப்படி முள்ளிருக்குமா மாப்ள?" என்றார் மாமா.

"இருக்குமுங்க" என்றேன். புத்தகத்தின் துணையில்லாமல் அன்று நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

வேலையைக் கெடுத்தவன் நான். சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கினேன். பொழுது சாயும்வரை ஆட்களோடு தடம் வெட்டினேன். கை முழுக்கக் கொப்புளம். சோற்றைப் பிசைய முடியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே மாமாவின் குரல் கேட்டது.

"இவனை நம்பி எப்படியம்மா தோட்டத்தைக் குடுக்கறது?"

"தோட்டத்தை நான் பாத்துக்கறனுங்கப்பா. அவரு மரத்துக்கெல்லாம் பேரு வெச்சுட்டு இருக்கட்டும்."

தை மாதம் கல்யாணம். இப்போது நாமக்கல்லில் வாத்தியாராக இருக்கிறேன். தோட்டத்தைச் சொன்னபடியே பாவாயிதான் பார்க்கிறாள், லாபத்தில்தான் ஓடுகிறது. ஆனால் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "புடுங்கிப் பாத்தீங்களா?" என்று ஒரு கேள்வி வரும்.

போன வாரம் ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பியை உறிஞ்சியபடி, "அடுத்த வருஷம் நம்ம ஸ்கூலுக்குப் புதுக் கட்டடம் நிச்சயம், சார்" என்றார்.

என் மூன்று வயது மகள் அவர் முன்னால் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "புடுங்கிப் பாத்தீங்களா?"