அமீரைக் காத்த போடி

உலக சரித்திரம் எழுதுகிறவர்கள் பொதுவாகச் சோம்பேறிகள். விமானம் இறங்குகிற ஊர்களில் மட்டுமே சரித்திரத்தைத் தேடுவார்கள். ஆகவேதான், 1982-ஆம் ஆண்டு சித்திரை மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு, ஆட்டம் கண்டிருந்த ஓர் அரபு அரியணைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திய ஊர் போடிநாயக்கனூர் என்கிற மாபெரும் உண்மை இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. முட்டுக் கொடுத்தது மேற்குமலை ஏல வணிகர் மகாசங்கம். முட்டுக்கட்டையைச் செதுக்கியவர் அதன் காரியதரிசி மொக்கச்சாமி.

அல்-சஃபீர் என்ற அந்த அமீரகம் பூகோளப் படத்தில் ஈ உட்கார்ந்து எழுந்த இடம் போல இருக்கும். அடியில் எண்ணெய், அதற்கு மேல் மணல், மணலுக்கு மேல் அமீர், அமீருக்கு மேலே வானத்தில் அமெரிக்க விமானங்கள். படைக்குக் கவாத்துச் சொல்லிக்கொடுக்க ஆங்கிலேயத் துரைமார். அரண்மனைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஏலக்காயைத் தட்டிப் போட்ட கசப்புக் காப்பி. அந்த ஏலக்காய் போடியில் இருந்து போனது. விமானத்துக்கும் துரைமாருக்கும் நன்றி சொன்ன உலகம் ஏலக்காயை மறந்ததில் மகாசங்கத்துக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

அந்த நாட்டில் முன்பு ஒரு சபை இருந்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பிய சபை. சபையில் இருந்தவர்கள் எண்ணெய்ப் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் அளவுக்கு ஒழுக்கம் கெட்டுப்போனதால், அமீர் அதை 'தற்காலிகமாக'ப் பூட்டினார். தற்காலிகம் ஆறாவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது. ஜனங்கள் சபையைத் திறக்கச் சொன்னார்கள். கல்லெடுக்கவில்லை, காகிதம் எடுத்தார்கள். பன்னிரண்டாயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவைப் பெட்டிகளில் அடுக்கி, அறுபது பெரிய மனிதர்கள் கூடவே ஏறி உட்கார்ந்து அரண்மனை வாசலுக்குப் போனார்கள்.

அவர்கள் ஏறிப் போன லாரியை ஓட்டியவன் சிலமலை பிச்சைமணி. மொக்கச்சாமியின் தங்கை மருதாயியின் புருஷன்.

"அவரு என்னண்ணே பண்ணுனாரு?" என்று மருதாயி முதல் பஸ்சுக்கே சிலமலையிலிருந்து வந்து சங்கத்து வாசலில் நின்றாள். "லோடு ஏத்துனாக, ஓட்டுனாரு. லோடு காயிதமா கருவாடான்னு டிரைவரா பிரிச்சுப் பாப்பான்? போலீசு அம்புட்டுப் பேரையும் அள்ளிக்கிட்டுப் போயிருச்சாம். அங்கன வேலை பாக்குற தேவாரம் ஊர்க்காரரு எழுதிருக்காரு."

"பொறு தாயி. நிதானமாச் சொல்லு. கேசு என்ன கேசு?"

"கேசா? யாரு கண்டா? உள்ள வச்சிருக்காக, அம்புட்டுத்தான். நீதான ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச, ஒங்க தலைவரும் அமீரும் மாமன் மச்சான் மாதிரின்னு? ஒரு காயிதம் போடச் சொல்லு. வெரசாச் சொல்லு."

மருதாயி கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் மொக்கச்சாமி அப்படிச் சொன்னது உண்மைதான். அந்த மாமன் மச்சான் உறவுக்கு ஆதாரம், அரண்மனைச் சமையற்கட்டு அதிகாரி ஒருமுறை அனுப்பிய பெருநாள் வாழ்த்து அட்டை. ஆனால் பிச்சைமணியை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்ததே அவர்தான். "போ மாப்ளே, ராசா மாதிரி இருக்கலாம்" என்று பஸ் ஏற்றிவிட்டவரும் அவரே.

தலைவர் ராக்கையாவிடம் போனார்.

ராக்கையா பதினேழு வருடமாக மகாசங்கத்தின் தலைவர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் என்று விதி இருந்தது. விதிப்படி தேர்தல் நடக்கவும் நடந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த முறையை எந்த வல்லரசும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டால் கையை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா? வேடிக்கை பார்ப்பவனுக்கு விலை தெரியாது. அதே முறைதான். தலைவர் தம் வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்காருவார். உறுப்பினர் ஒவ்வொருவராக வந்து உள்ளே கைவிட்டு, ஒப்புதல் என்றால் தலைவரின் ஒரு விரலையும் மறுப்பு என்றால் இரண்டு விரலையும் பிடிப்பார். முடிவைத் தலைவர் அறிவிப்பார். 'பரிசுத்தமான ரகசிய வாக்கெடுப்பு' என்று நடவடிக்கைக் குறிப்பில் மொக்கச்சாமியே எழுதுவார்.

"ஒன் மாப்ளே சோலி நம்ம சோலி இல்லையா மொக்கை?" என்றார் ராக்கையா. "சரியான நேரத்துல வந்த. அமீரோட ஆலோசகர், பெர்சிவல் துரைன்னு, ஏலக்காய் பாக்க மலைக்கு வந்திருக்காரு. வெள்ளிக்கிழமை நம்ம சங்கத்துக்கு வர்றாரு. அமீருக்கு ஆதரவாத் தீர்மானம் வேணுமாம். குடுத்துருவோம். மொதல்ல வாழ்த்து, அதுக்கு அடியில விண்ணப்பம். மனசு குளுந்திருக்கும்போது கேட்டா எந்த ராசாவும் இல்லைன்னு சொல்லமாட்டான்."

மொக்கச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜதந்திரம் என்பது இதுதான்.

வெள்ளிக்கிழமை பெர்சிவல் துரை போடிமெட்டு வழியாக ஜீப்பில் இறங்கி வந்தார். முழங்கால் வரை காலுறை போட்டிருந்தார். மொழிபெயர்ப்பு மொக்கச்சாமி.

"ஜனநாயகம் ஒரு அருமையான மரம்" என்று ஆரம்பித்தார் துரை. "எங்கள் மண்ணில் அது வளர எழுநூறு வருடம் ஆயிற்று. அதை அவசரப்பட்டு மணலில் நட்டால் பட்டுப்போகும். அரபு மக்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. அது வரும்வரை அமீருக்குத் துணை நிற்பது நம்மைப் போன்ற நண்பர்களின் கடமை."

கடைசி வரிசையில் இருந்து மலைச்சாமி எழுந்தார். மலையில் சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்பவர். மனதில் பட்டதை மடித்து வைக்கத் தெரியாதவர்.

"ஏலச்செடி மூணாம் வருசமே காய்க்குது. அவுக நட்டு வச்ச மரமும் காய்ச்சுக்கிட்டுத்தான இருந்துச்சு? அதை வேரோட பிடுங்குனது அமீரு. பிடுங்குனவனுக்கு மம்பட்டி குடுத்தது யாருன்னு துரைகிட்டக் கேளுய்யா."

துரை மொக்கச்சாமியைப் பார்த்தார். மொக்கச்சாமி மாப்பிள்ளையை நினைத்தார்.

"ஏலச்செடி மூன்றாம் வருடம் காய்க்கும் என்று சொல்கிறார், துரை."

"மிகவும் சுவாரசியம்" என்றார் துரை.

மலைச்சாமி விடவில்லை. "அவுக ஊர்லயும் ஒரு ராணி இருக்காகல்ல? அந்த அம்மா சபையைப் பூட்டிச் சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா, இந்தத் துரை கம்முனு இருப்பாரா?"

"மகாராணியார் சௌக்கியமா என்று விசாரிக்கிறார்."

துரை நெகிழ்ந்துபோய் மலைச்சாமிக்குக் கைகூப்பினார்.

ராக்கையா முடிவுரை ஆற்றினார்: "துரை சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. அரபு தேசத்தை விடுங்க. நம்ம சங்கத்தையே எடுத்துக்கங்க. நானும் பதினேழு வருசமாப் பாக்குறேன், பக்குவம் வரலை. வந்துச்சுன்னா நாளைக்கே எறங்கிருவேன்."

"வந்துச்சான்னு யாரு பாத்துச் சொல்றது?" என்று கேட்டார் மலைச்சாமி.

"நான்தான். தலைவர் வேற எதுக்கு இருக்காரு?"

துண்டு வந்தது. வரிசை நகர்ந்தது. மொக்கச்சாமி தம் முறை வந்ததும் உள்ளே கைவிட்டு ஒரே விரலை, மருதாயியின் தாலியையே பிடித்திருப்பது போல, இறுக்கிப் பிடித்தார். "விடுய்யா, வெரல முறிச்சிருவ போலருக்கு" என்று தலைவர் காதோடு சொன்ன பிறகுதான் விட்டார்.

முடிவு அறிவிக்கப்பட்டது. ஆதரவு நாற்பத்து மூன்று. எதிர்ப்பு இல்லை.

"தலைவரே, நான் ரெண்டு வெரலப் பிடிச்சேன்" என்றார் மலைச்சாமி.

"ரகசிய வாக்கெடுப்பு நடந்திருக்கு. நீரு அதை வெளிய சொல்றது சட்டவிரோதம்."

"சரி. வந்திருக்கிறது முப்பத்தொன்பது பேரு. மிச்சம் நாலு ஓட்டு?"

"அவுக மனசு எனக்குத் தெரியாதா?"

துரை எழுந்து நின்று கைதட்டினார். இதைப் போன்ற பண்பட்ட வாக்கெடுப்பைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்றும், அல்-சஃபீருக்கு இந்தத் துண்டு முறையைப் பரிந்துரைக்கப் போவதாகவும் சொன்னார்.

அன்று பிற்பகல் மொக்கச்சாமி எழுதிய தீர்மானம் போடியின் உரைநடைக்கு ஒரு சிகரம். "பாலைவனத்தின் பௌர்ணமியே! ஏலத்தின் மணம் எட்டும் திசையெல்லாம் தங்கள் நீதியின் மணமும் எட்டுவதாக! சபை என்பது நாலு பேர் பேசுமிடம், தாங்களோ நாலு கோடிப் பேருக்குச் சமானம், ஆகவே சபை ஏற்கெனவே கூடியே இருக்கிறது" என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடியது. எழுதும்போது கொஞ்சம் கூசத்தான் செய்தது. கூச்சம் வந்த இடங்களில் எல்லாம் ஒரு வியப்புக்குறி போட்டுத் தாண்டினார்.

கடைசியில் விண்ணப்பம். 'சிலமலை பிச்சைமணி, லாரி டிரைவர், நிரபராதி, விடுதலை செய்தருள வேண்டும்' என்று எழுதித் தலைவரிடம் காட்டினார்.

ராக்கையா முகம் சுளித்தார். "என்ன மொக்கை, இது கல்யாணப் பத்திரிகையா இருந்தா ஒத்துக்குவாங்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போடிப் பக்கம் வெறும் பெயர் அச்சேறாது. பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குக் கீழே பட்டம் ஏதும் இல்லாவிட்டால் பந்தலில் ரகளை நடக்கும். ஆகவே ஒருமுறை ரேஷன் கடை வரிசையில் நின்றவர் 'உணவுத் துறை' ஆவார். மகன் எட்டாம் வகுப்பு படித்தால் அப்பா 'கல்வியாளர்' ஆவார்.

"வெறும் டிரைவர்னு போட்டா அமீரு ஒரு டிரைவருக்காகக் கையெழுத்துப் போடுவாரா? கொஞ்சம் கௌரவமாத் தூக்கி நிறுத்து" என்றார் ராக்கையா.

மொக்கச்சாமி தூக்கி நிறுத்தினார். "எங்கள் மகாசங்கத்தின் அல்-சஃபீர் கிளைத் தலைவரும், எங்கள் நிரந்தரத் தூதருமான உயர்திரு பிச்சைமணி அவர்கள், தங்கள் பாதுகாவலில் இருப்பதாக அறிகிறோம். அவர் அங்கே செய்த ஒவ்வொரு காரியமும் எங்கள் சங்கத்தின் காரியமே. அவரை மாண்புடன் அனுப்பி வைக்க வேண்டுகிறோம்."

படித்ததும் தமக்கே உடம்பு சிலிர்த்தது. துரை கடிதத்தையும், கையால் பொறுக்கிய மூன்று கிலோ பச்சை ஏலக்காயையும் வாங்கிக்கொண்டு போனார்.

மருதாயி வாரத்துக்கு ஒருமுறை வந்தாள். "என்னண்ணே?" என்பாள். "ராசாங்க சோலி தாயி, மெதுவாத்தான் நடக்கும்" என்பார். மூன்றாவது வாரத்தில் இருந்து அவள் கேட்பதை விட்டுவிட்டு, வாசலில் வந்து நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

ஆனி முடிவில் பதில் வந்தது. தங்க முத்திரை போட்ட உறை. சங்கக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். மருதாயி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொக்கச்சாமி இங்கிலீசைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"மேன்மை தங்கிய அமீர் அவர்கள் ஒங்க அன்பில் மகிழ்ந்தார். முடிசூடிய நாளை ஒட்டி, மனுக் கொடுத்த அறுபது பேரையும் மன்னிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

கூடம் கைதட்டியது. மருதாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேல படிய்யா" என்றார் ராக்கையா.

மொக்கச்சாமி மேலே படித்தார். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய் இன்னொரு முறை தமக்குள் படித்தார்.

"என்னய்யா, எழுத்து தெரியலையா?"

"அந்த அறுபது பேரும் அப்பாவிகள். அவர்களாக இப்படிக் கேட்டிருக்க முடியாது. பின்னால் ஓர் அந்நிய நாட்டுக் கை இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது. ஆனால் ஆதாரம் இல்லை. அந்தக் கை எங்கள் கைதான், அங்கே எங்களுக்குக் கிளையும் தூதரும் உண்டு என்று எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு உதவிய மகாசங்கத்துக்கு நன்றி." மொக்கச்சாமி கடைசி வரிக்கு வந்தார். "இப்படிக்கு, அமீருக்காக, பெர்சிவல். தலைவர், அந்நியத் தலையீடு தடுப்பு இலாகா."

முதலில் தெளிந்தவர் ராக்கையாதான்.

"எப்படிப் பாத்தாலும், நமக்கு வெளிநாட்டுல கிளை இருக்குன்னு ஒரு அரசாங்கமே ஒத்துக்கிட்டிருக்கு. இதைத் தீர்மானமாப் போட்டு வச்சுக்கிருவோம்."

மருதாயி தூணை விட்டுவிட்டு அண்ணன் அருகே வந்தாள்.

"அண்ணே, நீ காயிதம் போடாம இருந்திருந்தா, அந்த அறுபது பேரோட அவரும் வெளிய வந்திருப்பாரு. அப்படித்தான?"

மொக்கச்சாமிக்கு அதை மொழிபெயர்த்துத் தப்பிக்க வழி இல்லை.

அல்-சஃபீரில் அந்நியத் தலையீட்டுக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போன ஒரே அந்நியன் லாரி டிரைவர் பிச்சைமணி. தண்டனை ஏழு வருடம்.