இன்ஷிராஹ் டீச்சரின் ஆளில்லாத் தெரு

சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. கழன்ற இடம்தான் மோசம். எதிர்ப்புறம், ஊறுகாய்க் கடை வாசலில், தவ்லத் மேடம் நின்றிருந்தார்.

இன்ஷிராஹ் டீச்சர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பழைய காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஐம்பத்திரண்டு வயது முழங்கால் கடகடவென்று ஆட்சேபித்தது. தவ்லத் மேடம் ஒவ்வொரு எலுமிச்சையாகத் தேர்ந்தெடுத்து, கடைக்காரனின் குடும்ப நலனையும் விசாரித்துவிட்டு நகர இருபது நிமிஷம் ஆனது. காரின் சொந்தக்காரர் வந்து, கிளம்பலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

தவ்லத் மேடம் பெற்றோர் கமிட்டித் தலைவி. ரமலான் பெருநாள் முடிந்ததும் கமிட்டி கூடும். இன்ஷிராஹ் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியின் அடுத்த தலைமையாசிரியை பற்றி அவர்கள் சொல்வதுதான் முடிவு. தெருவில் ஓடாதே, உரக்கச் சிரிக்காதே என்று கெய்ரோவின் ஷுப்ரா பேட்டையில் பாதிப் பெண்களை மிரட்டி வளர்த்தவள் இன்ஷிராஹ். அவளே சைக்கிளில் தள்ளாடிக்கொண்டு போவதை ஒரே ஒரு தாய் பார்த்தால் போதும், இருபத்தாறு வருஷப் பெயர் போய்விடும்.

முழங்காலுக்குச் சைக்கிள் ஓட்டச் சொன்ன டாக்டர், அதைக் கெய்ரோவில் எங்கே ஓட்டுவது என்று சொல்லவில்லை. மினிபஸ் நுழையாத சந்தில் கார்கள் நின்றன. கார் நிற்காத இடத்தில் யாருக்காவது கல்யாணப் பந்தல் போட்டிருந்தார்கள்.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற கணவர் ஃபத்ஹியிடம் ஒரு யோசனை இருந்தது.

"பேசாம பால்கனியில வெச்சு மிதி. விழுந்தாலும் வீட்டுக்குள்ளதான் விழுவ."

அவள் வெள்ளிக்கிழமை விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தாள். ஊரே தூங்கும் நேரம். தெருவும் காலியாகத்தான் இருந்தது, ரொட்டிக்காரனைத் தவிர. நூறு ரொட்டி அடுக்கிய பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டியபடி அவன் பக்கத்தில் வந்தான். முன்னால பாருங்க, கீழே பாக்காதீங்க என்று பாடம் வேறு நடத்தினான். அவள் முன்னால் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். மோதல் சின்னதுதான். ஆனால் நூறு ரொட்டியும் தரையில் கிடந்தன.

மண்ணில் கிடக்கும் ரொட்டியை எடுத்து முத்தமிட்டு ஓரமாக வைக்காமல் எந்த எகிப்தியனும் கடந்து போகமாட்டான். ஐந்து நிமிஷத்தில் மூன்று கட்டடத்து ஆட்களும் இரவு உடையோடு இறங்கி வந்து ரொட்டியை முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஷிராஹ் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டே ஓடினாள்.

ரமலான் வந்தது. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பள்ளிவாசலில் மாலை பாங்கு சொன்னதும் மொத்த நகரமும் நோன்பு திறக்கச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும். அரை மணி நேரம் சாலையில் ஈ, காக்கை இருக்காது. ஃபத்ஹியிடம் சூப்பை ஆறவிடாமல் மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி சகிதம் கிளம்பினாள்.

தெரு அவளுக்கே எழுதி வைத்ததுபோல் கிடந்தது. முதல் முறையாக அவள் பயமில்லாமல் மிதித்தாள். சந்தோஷத்தில் ஒரு மணியும் அடித்தாள்.

மணிச் சத்தம் கேட்டுத் தெருமுனையில் இஸ்திரிக்காரர் ஜக்லூல் குறுக்கே வந்து நின்றார். வீடு போய்ச் சேராதவர்களுக்கு நோன்பு திறக்கப் பழமும் இனிப்புப் புளிச்சாறும் கொடுக்காமல் அவர் யாரையும் விடுவதில்லை. இன்ஷிராஹ் பிரேக் பிடித்தாள், அல்லது பிடித்ததாக நினைத்தாள். ஜக்லூல் தப்பித்தார், புளிச்சாறு தப்பவில்லை.

"டீச்சர், நீங்களா?" என்றார் ஜக்லூல்.

இருபத்தாறு வருஷமும் கண்முன்னே வந்து நின்றன.

"இல்ல," என்றாள், குரலை மாற்றிக்கொண்டு. "நான் டீச்சரோட தங்கச்சி."

ஜக்லூல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, அக்காவுக்கு சலாம் சொல்லுங்கள் என்று வழிவிட்டார்.

அவளுக்குத் தங்கையே கிடையாது. கூடப் பிறந்தது ஐந்தும் ஆண்கள். ஆனால் மறுநாளே தங்கைக்காக ஒரு தட்டு குனாஃபா இனிப்பு வீடு தேடி வந்தது, ஃபத்ஹி அதை மனச்சாட்சியே இல்லாமல் சாப்பிட்டார். பள்ளி வாசலில் தாய்மார்கள் தங்கையின் சுகத்தை விசாரித்தார்கள். அவளை ஒருநாள் அழைத்து வரும்படி தவ்லத் மேடம் சொன்னபோது, பயந்துபோன இன்ஷிராஹ் அன்றே தங்கையை மன்சூரா என்ற வெளியூருக்கு அனுப்பிவிட்டாள். சைக்கிள் ஓட்டாததில் இரண்டு நாளில் முழங்கால் வலித்தது. வேறு வழியில்லாமல் திரும்ப வரவழைத்துக்கொண்டாள்.

பெருநாள் முடிந்தது. இனி தெரு பழையபடி நிரம்பிவிடும் என்று மனசு கனத்தது. கடைசியாக ஒரு முறை என்று மாலையில் சைக்கிளை எடுத்தாள். தெரு காலியாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. இறைவன் தன் முழங்காலைக் கவனிக்கிறான் என்று ஃபத்ஹியிடம் சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தேநீரைக் குடித்தார்.

கமிட்டி ஒரு வியாழக்கிழமை மதியம் கூடியது. எல்லாக் கேள்விக்கும் இன்ஷிராஹ் கச்சிதமாகப் பதில் சொன்னாள். தவ்லத் மேடம் காகிதத்தை மூடிவைத்தார்.

"உங்க குடும்பத்தப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

இன்ஷிராஹ் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"சைக்கிள்ல பிரேக் எதுக்கு இருக்குன்னு உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?"

சொல்லி வைக்கிறேன் என்று முணுமுணுத்தாள். எல்லோரும் கை தூக்கினார்கள். இன்ஷிராஹ் தலைமையாசிரியை ஆகிவிட்டாள்.

வீடு திரும்பும்போது அவளுக்குச் சந்தோஷத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. இத்தனை நல்ல மனிதர்களை ஏமாற்றிவிட்டோமே என்று நெஞ்சு உறுத்தியது. இந்தப் பொய்யை இன்றோடு முடித்துவிட வேண்டும். சைக்கிள் போனால் போகட்டும்.

இஸ்திரிக் கடையில் நின்றாள்.

"ஜக்லூல் அண்ணே, என் தங்கச்சி ஊருக்குப் போயிட்டா. இனி வரமாட்டா."

ஜக்லூல் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அட, சீக்கிரம் போய் சைக்கிள எடுங்க டீச்சர், தெருமுனையில நாற்காலி போட்டு வண்டிங்கள மறிக்கிற முறை இன்னிக்கு தவ்லத் மேடத்தோடது, அவங்களுக்கும் முழங்கால் வலியாம்."