நல்லி டாக்டரும் அண்ணனின் வலது காலும்

முழங்காலுக்கு மேலே மனிதனுக்கு ஒரு உடம்பு இருக்கிறது என்பதையே மறந்துபோன ஒரே ஆள் இந்தச் சிங்கப்பூரில் எங்கள் நல்லி டாக்டர்தான். ஆஸ்பத்திரியில் அவருடைய கிளினிக்கின் முன்மேசையில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். என் பெயர் மல்லிகா. அது அவர் வாயில் கடைசிவரை நுழையவில்லை. சில நாள் மாலதி, சில நாள் மாலினி. ஆனால் காலையில் நான் உள்ளே வரும்போதே, தலையை நிமிர்த்தாமல், "என்னம்மா, இடது குதிகால் வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்பார். அந்த வலியை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

எலும்பு அறுவை சிகிச்சையில் கைராசிக்காரர். காலையில் ஆபரேஷன், மத்தியானம் நோயாளிகள், அது முடிந்ததும் மாடியில் இருந்த ஆய்வுக்கூடம். உடம்பின் பாரம் தன்மேல் விழுவது எலும்புக்குள் இருக்கும் உயிரணுவுக்கு எப்படித் தெரிகிறது, தெரிந்ததும் அது எப்படிப் புது எலும்பைக் கட்டுகிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. உயிரணுக்களைத் தட்டுகளில் வளர்த்து, ஒரு இயந்திரத்தில் மாட்டி, இழுத்து இழுத்து விடுவார். "என் பிள்ளைங்களுக்கு எக்சர்சைஸ் டைம் ஆயிடுச்சு" என்று பாதிக் கூட்டத்தில் எழுந்து போய்விடுவார். துறைத் தலைவர் பதவி தேடி வந்தபோது, "அந்த நாற்காலியில உக்காந்தா என் எலும்பு வீணாப்போயிடும்" என்று மறுத்தார். மேலிடத்தில் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் நிஜமாகவே நாற்காலியைத்தான் சொன்னார்.

பட்டப்பெயர் வந்தது தேக்கா சந்தையில். கறிக்கடை பாய் என்னைப் பார்த்தாலே புலம்புவார்.

"உங்க டாக்டர் வந்தா எனக்கு வியாபாரம் ஓடாதும்மா. கறி வேணாங்கிறாரு, நல்லி எலும்ப மட்டும் தூக்கி வெளிச்சத்துல பாக்குறாரு. இது மேஞ்ச ஆடா, கட்டிப்போட்ட ஆடான்னு கேக்குறாரு. ஆஸ்திரேலியாவுலேர்ந்து பெட்டியில வருது, அது அங்க ஓடுச்சா தூங்குச்சான்னு எனக்கு எப்படிலா தெரியும்?"

கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டால் அதைவிட ஆபத்து. சிராங்கூன் ரோட்டில் ஒரு பிரியாணி விருந்தில், எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா கடித்து வைத்த எலும்பைத் தன் தட்டுக்கு மாற்றி, சுற்றியிருந்தவர்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். அந்தச் சித்தப்பா அன்றோடு மட்டனை விட்டுவிட்டார் என்று பேச்சு.

ரயிலில் ஒருமுறை, நரைத்த தலையைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு பெண் எழுந்து, "அங்கிள், சிட் லா" என்றது. உட்கார்ந்தால் எலும்பு எப்படிக் கரைகிறது என்று நம்மவர் ஆரம்பித்தார். அந்தப் பிள்ளை அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி ஓடிவிட்டது. இறங்க வேண்டிய இடம் அது இல்லை என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அண்ணனின் கால் போய் மாட்டியது.

அண்ணனுக்குச் சாங்கியில், விமானச் சரக்குப் பகுதியில் வேலை. ஒருநாள் சரக்கு வண்டி இடித்து வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. நல்லி டாக்டர் கம்பி வைத்து நிமிர்த்தினார். "கம்பி எலும்பப் பிடிச்சுக்கும், பயப்படாதீங்க. கால ஊனி நடங்க. வேலை குடுக்காத எலும்பு ஒட்டாது" என்று சொல்லி அனுப்பினார்.

மாதங்கள் போயின. எலும்பு ஒட்டவில்லை. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் முறிந்த இடத்தில் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது.

"கால ஊனி நடக்குறீங்களா?" என்று கேட்பார் டாக்டர்.

"ஆமா டாக்டர்" என்பார் அண்ணன், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"ஆமா டாக்டர், நல்லா நடக்குறாரு" என்று அண்ணியும் சேர்ந்துகொள்வார்.

கடைசியில், இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க இன்னொரு ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. புது வருஷம் பிறந்தால் வேலைக்குத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது என்று அண்ணனின் கம்பெனி சொல்லிவிட்டது. ஆபரேஷன் என்றால் வேலை போச்சு. அண்ணி போனில் அழுதார்.

அதைவிட, டாக்டரைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருநாள் அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தபடியே, "மாலதி, நான் இத்தனை வருஷமா கண்டுபிடிச்சதெல்லாம் தட்டுல இருக்கிற செல்லுக்கு மட்டும்தானோ? மனுஷனுக்கு இல்லையோ?" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. என் பெயரைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

தீபாவளி வந்தது. ஆங் மோ கியோவில் அண்ணன் வீட்டில்தான் எங்கள் குடும்பமே கூடும். கிளினிக்கில் எல்லாரையும் அங்கே அழைத்திருந்தேன். மற்றவர்கள் பலகாரத்தைப் பார்த்து உள்ளே வந்தார்கள். நல்லி டாக்டர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். செருப்பு அலமாரிக்கு முன்னால் குனிந்து, ஒரு ஜோடிச் செருப்பைக் கையில் எடுத்து, ஒன்றைத் திருப்பி, மற்றதைத் திருப்பி, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ டாக்டர், நல்ல நாளும் அதுவுமா கையில செருப்பா! கீழ போடுங்க!" என்று அண்ணி முறுக்குத் தட்டோடு ஓடி வந்தார்.

"இது யாரோடது?"

"அவரோடதுதான்."

"இடது செருப்பு தேஞ்சு ஓட்டையாகப்போகுது. வலது செருப்புல கடை ஸ்டிக்கரே இன்னும் போகலையே!"

சோபாவில், மூன்று தலையணை மேல் வலது காலை வைத்துச் சாய்ந்திருந்த அண்ணன், எழ முடியாமல் விழித்தார்.

"அப்ப நீங்க அந்தக் கால ஊனவே இல்லையா?"

அண்ணிதான் வாயைத் திறந்தார். "ஒட்டாத கால எப்படி டாக்டர் கீழ வைக்க விடுவேன்? நான்தான் விடல. முதல்ல ஒட்டட்டும், அப்புறம் நடக்கட்டும்னு..."

"அப்ப ஏன்மா ஒவ்வொரு தடவையும் ஆமான்னு சொன்னீங்க?"

"பெரிய டாக்டர் நீங்க கேக்குறீங்க. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொன்னா மரியாதையாவா இருக்கும்?"

இடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், டாக்டரின் முகம் மத்தாப்புக் கொளுத்தினது மாதிரி மலர்ந்திருந்தது.

"பொய்யா சொன்னீங்க? ரொம்ப சந்தோஷம்மா! ரொம்ப ரொம்ப சந்தோஷம்!" என்று செருப்போடு சேர்த்துக் கும்பிட்டார். அண்ணி பயந்து பின்வாங்கினார்.

அன்றைக்கே, பட்டுச் சட்டையோடு, அண்ணனைத் தாழ்வாரத்தில் நடக்க வைத்தார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் கதவைத் திறந்து வைத்து வேடிக்கை பார்த்தார்.

"உடைஞ்சிடுச்சுன்னா?" என்று கையை நீட்டிக்கொண்டே அண்ணி கூடவே போனார்.

"உடைஞ்சா சரிபண்ண எனக்குத் தெரியும். இவர இப்படியே உக்கார வெச்சா என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல. நடங்க சார், நல்லா அழுத்தி!"

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். தினமும் வேலை முடிந்து போகும்போது எனக்கு வேறு கட்டளை: "மாலினி, உங்க அண்ணிக்குப் போன் போட்டு, அவர நடக்க விடுறாங்களான்னு கேளுங்க. அண்ணன்கிட்ட கேக்காதீங்க, அவர் ஆமான்னுதான் சொல்வாரு."

டிசம்பர் கடைசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கோடு இருந்த இடத்தில், வெண்ணெய் தடவினது போல் வெள்ளையாகப் புது எலும்பு. டாக்டர் திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். "ஒட்டிடுச்சு. ஆபரேஷன் வேணாம். வேலைக்குப் போங்க" என்றார். அண்ணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று வந்த மூச்சு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

டாக்சி கூப்பிடுகிறேன் என்றேன். பஸ்ஸில்தான் போவேன் என்று அண்ணன் பிடிவாதமாகக் கிளம்பிவிட்டார்.

அடுத்தவரை உள்ளே அனுப்பலாமா என்று கேட்கப் போனேன். டாக்டர் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், வெளிய ஆள் வெயிட்டிங்."

"இரும்மா. அவர் ஏறட்டும்."

பஸ் வந்தது, நின்றது, போனது.

"வலது கால எடுத்து வெச்சு ஏறிட்டாருலா!" என்று என் பக்கம் திரும்பினார். புது மருமகளை வாசலில் வரவேற்ற மாமியாருக்கு இருக்குமே, அப்படி ஒரு சந்தோஷம். கண்ணெல்லாம் தண்ணீர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே கூட்டம் இருக்கட்டும் என்று நான் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தேன்.