மலையேறும் காருக்கு ஒரு பொய்

இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே டோலோகனின் பழைய கார் கறுப்பாக இருமத் தொடங்கிவிட்டது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?" என்றாள் பக்கத்தில் இருந்த அவன் மனைவி ஜிப்பார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"இன்ஜினுக்குள்ள எவ்வளவு காத்து போகுதுன்னு பார்த்துச் சொல்ற சென்சார் இருக்கில்ல? அது ஒயர்ல சின்னதா ஒரு வேலை பண்ணிருக்கேன். கொஞ்சம் காத்து வந்தாலும் நிறைய வருதுன்னு சொல்லும். அதை நம்பி வண்டி நிறைய பெட்ரோல் குடிக்கும். மலையில பறக்கும்."

"ஆக, சொந்த வண்டிகிட்டயே பொய் சொல்லிருக்கீங்க."

அவசரம் அப்படி. ஜிப்பாரின் அண்ணிக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் காலையில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. மூன்று பையன்களுக்குப் பிறகு முதல் பெண். டோலோகனின் மாமனாரோ கோடை மேய்ச்சலுக்காக மலைமேல் கூடாரம் போட்டிருந்தார். அங்கே போன் எடுக்காது. நல்ல சேதியை முதலில் கொண்டுவருபவருக்குப் பரிசு தராத கிர்கிஸ் வீடு கிடையாது. பேத்தி என்று வந்து சொல்பவருக்குத் தன் செந்நிறக் குதிரைக்குட்டியையே தருவதாக அவர் சொல்லியிருந்தார். அந்தக் குட்டிமேல் டோலோகனுக்கு உயிர். சகலை ஷெய்ஷெனுக்கும் அதன்மேல்தான் கண். அவனிடம் புது ஜீப் வேறு இருந்தது.

டோலோகன் இறங்கினான். காற்று போதவில்லை என்று முடிவு செய்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி ஜிப்பாரின் மடியில் போட்டான். மலைச்சாலைப் புழுதியெல்லாம் இன்ஜினுக்குள் போனது. புகை இரண்டு மடங்கானது.

"பழையபடி மாத்திடுங்களேன்."

"பழைய ஒயரை வெட்டிட்டேன்."

அடுத்த வளைவில் சென்சாரின் இணைப்பையே பிடுங்கினான். இப்போது கார் ஓர் அடி போவதும் ஓர் அடி யோசிப்பதுமாக இருந்தது. புகை மட்டும் யோசிக்கவே இல்லை.

பின்னால் ஹாரன் கேட்டது. ஷெய்ஷெனின் ஜீப்.

"சகலை, ஓரம் கட்டு," என்று அவன் தலையை நீட்டிக் கத்தினான். "அடுப்பை ஓட்டிக்கிட்டு எதுக்கு வழியை மறிக்கற?"

டோலோகனுக்கு ரோஷம் வந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தான். எழும்பிய புகையில் ஜீப் காணாமல் போனது. எது சாலை, எது பள்ளம் என்று தெரியாமல் ஷெய்ஷென் வண்டியை நிறுத்திவிட்டு இருமினான்.

ஜிப்பார் திரும்பிப் பார்த்தாள். "நின்னுட்டார்," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத மரியாதை அவள் குரலில் இருந்தது. "இன்னும் கொஞ்சம் மிதிங்க."

டோலோகனுக்கு அப்படியொரு சந்தோஷம். பாட்டுக்கூடப் பாடினான்.

கூடாரத்து வாசலில் கார் நின்றபோது, அங்கே அண்டாவில் ஆட்டுக்கறி ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. மாமனார் புதுத் தொப்பியோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்."

"பேத்திதானே மாப்ளே? தெரியும். வாங்க, உக்காந்து புளிச்ச குதிரைப்பால் குமிஸ் குடிங்க."

டோலோகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எனக்கு முன்னாடி யாரும் வரலையே. யார் மாமா சொன்னது?"

மாமனார் கைகாட்டினார். பக்கத்துக் கூடாரத்து உருகான் அக்கா குதிரைக்குட்டியின் பிடரியை நிதானமாக வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நேரமா பள்ளத்தாக்குல உன் புகையைத்தான் தம்பி பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றாள் அவள். "நாலாவதும் பையன்னா, அதைச் சொல்ல எவனாவது சொந்த வண்டியைக் கொளுத்திக்கிட்டு வருவானா?"